தேர் நாளில் நிற்காத லைன்

இருபது வருடமாக நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் கோளாறு விவரமும், பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் சுற்றறிக்கையும்தான். அவற்றை ஒரு முறை முழுசாகப் படித்தவர்களே குறைவு. ஆனால் நான் எழுதிய ஓர் அறிக்கை மட்டும் ஊரில் பல மேசைகளுக்குப் போனது. படித்தவர்கள் பாராட்டினார்கள். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பெருமைக்காக அல்ல.

நான் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனை நிலையத்தில். தலைமை லேப் புதுச்சேரி டவுனில், பழைய பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்றில் இருக்கிறது. வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். உள்ளே சுவர் இரண்டு முழக் கனம். ஓர் அறையின் வைஃபை அடுத்த அறைக்குப் போகாது என்பது படம் பிடிப்பவர்களுக்குத் தெரியாது. மூலக்குளம், தவளக்குப்பம், தேங்காய்த்திட்டு, வில்லியனூர் என்று நான்கு கிளைகள். கிளையில் ரத்தம் எடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். படமும் முடிவும் லைன் வழியாக டவுனுக்கு வந்து, டாக்டர் பார்த்து ஒப்புதல் கொடுத்து, திரும்பிக் கிளைக்குப் போக வேண்டும். லைன் நின்றால், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் கவுன்டர்ப் பெண்ணைத் திட்டுவார்கள். அவள் எனக்கு போன் செய்வாள். நான் எங்கள் லைன்காரருக்கு போன் செய்வேன்.

அவர் நெல்லித்தோப்புக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வண்டியின் முகப்பில் மாதா படம் ஒட்டியிருப்பார். ஒரு காலத்தில் கேபிள் டிவிக்கு வயர் இழுத்தவர். எங்களிடம் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. நான் அவரை அண்ணே என்பேன். அவர் ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்பார், ஆள் இல்லாதபோது ‘அம்மா’ என்று முடிப்பார். அவருக்குப் படிவம் நிரப்புவது வேப்பங்காய். எந்த வேலைக்குப் போய் வந்தாலும் குறிப்பேட்டில் ‘வேலை முடிந்தது’ என்று இரண்டே வார்த்தைதான் எழுதுவார். என்ன வேலை, எப்படி முடிந்தது என்று அதில் இருக்காது. நானும் கேட்டதில்லை, லைன் வந்துவிட்டால் எனக்குப் போதும்.

உண்மையில் அவர் செய்தது என்னவென்று இப்போது யோசித்தால் எழுத நிறைய இருக்கிறது. தேங்காய்த்திட்டில் உப்புக் காற்றில் கேபிள் முனையின் செம்புப் பற்கள் பச்சை பூத்துவிடும். மாதம் ஒரு முறை போய், பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் அவற்றைத் தேய்த்துவிட்டு வருவார். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் வைக்கோல் லாரிகள் வயரில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும். எதிரே இருந்த பாத்திரக் கடைக்காரரிடம் பேசி, அவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி வயரை உயர்த்தியிருந்தார். கோளாறு வந்த பிறகு போன வேலையைவிட, வருவதற்கு முன் போன வேலைதான் அதிகம். வராத கோளாறுக்கு யார் போன் செய்வார்கள்? அதனால் அந்த வேலை எதுவும் என் காதுக்கு வரவில்லை.

எங்கள் முதலாளி ஒரு டாக்டர். நல்ல மனிதர், ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தாலும் ஒரு புதிய சொல்லோடு திரும்புவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் கொண்டுவந்த சொல் எஸ்டி-வான். நம் ஆட்கள் வாயில் அது ‘பொட்டி’ ஆகிவிட்டது. விஷயம் பெரிய மாயம் இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு கம்பெனியின் இன்டர்நெட் லைன் வாங்கி, நடுவில் ஒரு பெட்டியை வைப்பார்கள். எந்த லைன் நன்றாக ஓடுகிறது என்று பெட்டியே விநாடிக்கு விநாடி பார்த்து, அந்த வழியில் அனுப்பும். ஒன்று செத்தால் தானாக மற்றதற்கு மாறும். நான்கு கிளையையும் டவுனில் ஒரே திரையில் உட்கார்ந்து ஆட்டி வைக்கலாம், ஆள் போக வேண்டியதில்லை. மூன்று கம்பெனிகள் பெட்டி கொடுக்கத் தயாராக இருந்தன. எது நல்லது என்று பார்த்து எழுதும் வேலை எனக்கு.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. துணியைக் கசக்கிப் பார், இழுத்துப் பார், ஓரத்தை நனைத்துப் பார் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். விற்கிறவன் பேச்சுக்கு மயங்குகிற புத்தி எனக்குக் கிடையாது. முதல் பெட்டியின் திரை கல்யாண ஆல்பம் போல இருந்தது. ஆனால் வருடச் சந்தாவைப் புதுப்பிக்க ஒரு நாள் தவறினால் பெட்டி ஊமையாகிவிடும் என்று ஒப்பந்தத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. கழித்துக் கட்டினேன். இரண்டாவது பெட்டிக்கு உதவி கேட்டு போன் செய்தால் எங்கோ வெளிநாட்டில் ஒருவர் எடுத்து, அணைத்துப் போடுங்கள் என்றார். அதைச் சொல்லவா நாற்பது நிமிடம் காத்திருந்தேன் என்று கேட்டுவிட்டு வைத்தேன். மூன்றாவது பெட்டி உண்மையிலேயே நல்ல பெட்டி. அதை மூன்று மாதம் நான்கு கிளையிலும் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

பெட்டிகளை மாட்டியது யார்? லைன்காரர்தான். சோதனைக்காக நான் டவுனில் திரை முன்னால் உட்கார்ந்து போனில் சொல்ல, கிளையில் வயரைப் பிடுங்கியதும் அவர்தான். “இப்ப ஒண்ணாம் நம்பர எடுங்கண்ணே” என்பேன். “எடுத்துட்டேன்” என்பார். திரையில் ஒரு கோடு சிவப்பாகும், மற்றது பச்சையாக நிற்கும். இப்படி ஐம்பது முறையாவது பிடுங்கியிருப்போம். மூலக்குளம் கிளையில் ஒரு நாள், சோதனை முடிந்து டீ குடிக்கும்போது கேட்டார்.

“இந்தப் பொட்டி வந்துட்டா அப்புறம் எனக்கு என்னாம்மா வேல?”

“உங்க வேல சுலபமாயிடும்ணே” என்றேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் போவுது. அது முடியுற வரைக்கும் இருந்துட்டா போதும்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். நான் பேச்சை மாற்றினேன். பெட்டி விற்கும் பிரதிநிதி எனக்கு அனுப்பியிருந்த மதிப்பீட்டுப் படிவத்தில், ‘கிளைகளுக்குச் செல்லும் ஆள் தேவை எவ்வளவு குறையும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

சோதனையின் மூன்றாவது மாதம் வைகாசி. வில்லியனூரில் தேர். எங்கள் கிளை தேர் வரும் வீதியில் இருக்கிறது. தேருக்கு முன்னால் வீதியின் குறுக்கே தொங்கும் வயரையெல்லாம், மூங்கில் கழியில் அரிவாளைக் கட்டி ஆட்கள் அறுத்துக்கொண்டே போவார்கள். டிவி வயரா, இன்டர்நெட் வயரா என்று யாரும் பார்ப்பதில்லை. தேர் போக வேண்டும், அவ்வளவுதான். அது வருடா வருடம் நடப்பது, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. அன்று கரண்டும் நிறுத்துவார்கள். கிளை ஜெனரேட்டரில் ஓடும்.

இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது என்று நான்தான் முதலாளியிடம் சொன்னேன். தேரன்று காலை அவரும், பிரதிநிதியும், நானும் தலைமை லேபில் திரை முன்னால் உட்கார்ந்தோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் வில்லியனூரின் முதல் லைன் சிவப்பானது. அடுத்த மூச்சில் பெட்டி இரண்டாவது லைனுக்கு மாறியது. கிளையிலிருந்து எக்ஸ்ரே படங்கள் வந்தபடி இருந்தன. முதலாளி கைதட்டினார். பிரதிநிதி திரையைப் படம் பிடித்தான். மதியத்துக்குப் பிறகு முதல் லைன் தானாகப் பச்சைக்குத் திரும்பியது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று மாத உழைப்பு பலித்தது என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் காலையில் லைன்காரர் போன் செய்தார். நான்கு வீட்டு மாடியில் வயர் கிடக்கிறது, அதைச் சுருட்டி எடுக்க அரை நாள் ஆகும், தவளக்குப்பத்துக்கு நாளைக்குப் போகட்டுமா என்று கேட்டார்.

“எந்த மாடிண்ணே? என்னா வயரு?”

“வில்லியனூர்லதாம்மா. நம்ம ரெண்டு லைனும் ஒரே போஸ்ட்டுலதான போவுது. கம்பெனி வேற வேற, போஸ்ட்டு ஒண்ணு. வுட்டா ரெண்டையும் சேத்து அறுத்துடுவானுங்க. அதான் மூணு நாளு முன்னாடியே ரெண்டாவத பின்னாடி சந்துல இருந்து மாடி மேல இழுத்துக்கினு வந்துட்டேன். போன வருஷம் வரைக்கும் இருந்த ஒத்த லைனுக்கும் இப்டித்தான் பண்ணுவேன்.”

“அப்ப ஒண்ணாவது லைனு?”

“அத நானே காலையில கழட்டிச் சுருட்டிக் கட்டிட்டேன். அறுத்தா ஒட்டுறதுக்கு ரெண்டு நாளாவும். தேரு போனதும் ஏத்தி மாட்டிட்டேன்.”

திரையில் சிவப்பானது இவர் கழற்றியது. பச்சையாக நின்றது இவர் இழுத்தது. மதியம் தானாகத் திரும்பியது இவர் மாட்டியது. இடையில் பெட்டி செய்ததெல்லாம், செத்ததை விட்டு உயிரோடிருந்ததைப் பிடித்தது. அதைச் சரியாகச் செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிடிப்பதற்கு ஒரு லைனை உயிரோடு வைத்தது பெட்டி அல்ல. இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கினால் இரண்டு வழி ஆகிவிடும் என்று மூன்று மாதமும் நம்பிக்கொண்டிருந்தேன். வீதியில் இறங்கி ஒரு முறை அண்ணாந்து பார்த்திருந்தால் அந்தக் கம்பம் எனக்கும் தெரிந்திருக்கும்.

“ஏன்ணே, சோதனை நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? விட்டுப் பாத்திருக்கலாமே” என்றேன்.

“தெரியும்மா. அதுக்காவ? அன்னைக்குன்னு எக்ஸ்ரே எடுக்க வந்தவங்க உக்காந்துக்கினு இருப்பாங்களே” என்றார்.

அவர் ஒன்றும் செய்யாமல் வீட்டில் படுத்திருந்தால் போதும். முதலாளி கண் முன்னாலேயே பெட்டி தோற்றிருக்கும், அவர் வேலை தப்பியிருக்கும். இது அவருக்குத் தெரியாததில்லை. வயர் இழுக்கும் மனிதர்தான், ஆனால் என்னைவிடக் கெட்டிக்காரர். தெரிந்தும் நான்கு வீட்டுக்காரர்களிடம் கேட்டு, வைகாசி வெயிலில் மாடி மாடியாக ஏறி, தன்னை அனுப்பப் போகிற பெட்டியைத் தானே ஜெயிக்க வைத்தார்.

அறிக்கையில் இதை எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். பிரதிநிதிக்கு போன் செய்து சொன்னேன். அவன் பதறவில்லை. “அது பெட்டிக்கு வெளிய நடந்தது மேடம். நம்ம பெட்டியத்தான மதிப்பிடுறோம்” என்றான். நியாயம் போலவே இருந்தது. படிவத்தில் வேகத்துக்குக் கட்டம் இருந்தது, பாதுகாப்புக்குக் கட்டம் இருந்தது. மாடிக்குக் கட்டம் இல்லை. ஆனால் படிவத்தின் மேல் பழி போட்டு நான் தப்பிக்கக் கூடாது. தேர் நாள் சோதனை என் யோசனை. முதலாளி கைதட்டியது அதற்குத்தான். அதை நானே போய், அது சோதனையே இல்லை சார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என் வேலைக்குக் கைதட்டியிருக்கிறார்.

‘தேர்த் திருவிழா நாளில் வில்லியனூர் கிளையில் ஒரு லைன் துண்டிக்கப்பட்டபோதும் சேவை ஒரு நிமிடம்கூடத் தடைபடவில்லை’ என்று எழுதினேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பொய் கலக்காமலே மறைக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அறிக்கையைப் படித்துவிட்டு முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்ப கிளைக்கு ஆள் போற தேவ குறையும், இல்லையா?”

“குறையும் சார்” என்றேன்.

‘ஆனால்’ என்று ஒரு சொல் அப்போது தொண்டை வரை வந்தது. அவர் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார், நான் எழுந்து வந்துவிட்டேன். ஆடி முடிவதற்குள் லைன்காரரைக் கூப்பிட்டு, மரியாதையாகப் பேசி, அனுப்பிவிட்டார்கள். அவர் கடைசியாக வந்த நாளில் நான் லீவு போட்டேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அவர் ஒவ்வொரு கிளையிலும் இருந்த ஏணிப் பூட்டின் சாவியை ஒரு கவரில் போட்டு, எந்தச் சாவி எந்தக் கிளை என்று மேலே எழுதி, என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பெட்டிக் கம்பெனி அறிக்கையின் ஒரு பகுதியை அச்சடித்து மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டது. முதலாளிக்கு மகிழ்ச்சி. வழவழப்பான தாளில், தேர்ப் படத்தோடு, கீழே என் பேரோடு அச்சாயிற்று. அம்மா அதைக் கடையில் வருகிறவர்களிடம் காட்டினார். வேண்டாம் என்று நான் சொன்னேன், ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வருடத் தேருக்கு இரண்டு லைன் கம்பெனிக்கும் முன்கூட்டியே கடிதம் எழுதினேன். இரண்டும் ஆவன செய்வதாகப் பதில் போட்டன. தேரன்று காலை இரண்டு லைனும் ஒன்றாக அறுந்தன. திரை இரண்டையும் சிவப்பாக, மிகத் துல்லியமாகக் காட்டியது. வில்லியனூர் கிளை இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. லைன் கம்பெனிகள் சரியில்லை என்று முதலாளி சொன்னார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத் திறந்தால், போன வருடம் ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி வருமே.

அந்தத் தேர் முடிந்து சில வாரத்தில் ஒரு காலை, டவுன் லேபில் ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசையில் அவரைப் பார்த்தேன். மனைவிக்குச் சர்க்கரை பார்க்க வந்திருந்தார். அந்த அம்மாள் உள்ளே போயிருந்தார். இவர் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காருங்கண்ணே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வேல ஏதாவது கெடச்சிதாண்ணே?”

“மூலக்குளத்துல ஒரு அபார்ட்மென்ட்டுல வாட்ச்மேன் வேலம்மா. பொண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்குது” என்றார். பிறகு, “லைன் வேலைக்கும் மூணு எடத்துல கேட்டுப் பாத்தேன். எல்லா எடத்துலயும் பொட்டி வாங்கிட்டாங்க, இல்ல வாங்கப் போறாங்க. போன வாரம் ஒரு ஸ்கூல்ல கூப்புட்டாங்க. நாலு பில்டிங்கு அவங்களுக்கு. நீ எங்க வேல பாத்தன்னு கேட்டாங்க, சொன்னேன். ஒடனே இத எடுத்துக் காட்டுனாங்க” என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வழவழப்பான தாள். தேர்ப் படம். “கீழ உங்க பேரு போட்டிருக்குதும்மா” என்று விரலை வைத்துக் காட்டினார். தாளை மடிக்காமல் வைத்திருந்தார்.

வாசிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு வாசலிலும் அவருக்கு முன்னால் என் தாள் போய் உட்கார்ந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க எப்படி ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருக்கும்போது அவரே பேசினார்.

“தேரன்னைக்கு ஒரு லைனு போயும் எப்படி நிக்காம ஓடுச்சி, நீ அங்கதான இருந்த, சொல்லுன்னு கேட்டாங்கம்மா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பொட்டி பாத்துக்கிச்சின்னு சொல்லிட்டேன்” என்றார். “நான் வேற மாதிரி சொன்னா நீங்க எழுதுனது பொய்யாயிடுமேம்மா.”

பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன ஆளுக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? அவர்கள் கொடுக்கவில்லை.